பொட்டு வைக்காத கலன்

"சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலீன்னா போலீஸ் வந்துருமுங்க."

மௌனிகா அழவில்லை. கைக்குட்டையை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். துப்பறிவாளர் பாலகோபால் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவருடைய உதவியாளன் பஷீர் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டான். வழக்கு என்னவென்று கேட்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் அவசரம் அவனுக்கு எப்போதும் உண்டு.

போத்தனூரில் தம்பிதுரையின் கோழித்தீவன ஆலையில் மௌனிகாவுக்கு ஆய்வக வேலை. அங்கே பெரிய எஃகுக் கலனில் பாக்டீரியாவை வளர்த்து, அது சுரக்கும் வைட்டமினைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். வளரும்போது கலனைத் திறக்கக் கூடாது, வேற்றுக் கிருமி புகுந்துவிடும். அதனால் அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி. அதன்மேல் ஒரு நிறமாலைக் கருவி. கருவி நீல ஒளியை உள்ளே பாய்ச்சும், வைட்டமின் பச்சையாக மினுங்கும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு விளைச்சல். அதை ஒரு பேனா காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே போகும்.

"ஆயுத பூஜை லீவுக்கு ஆனைமலை போயிருந்தேனுங்க. திரும்பி வந்தா கோடு உச்சியில நிக்குது. விளைஞ்சிருச்சுன்னு நம்பி டேங்குல இருந்த சரக்கை இறக்கச் சொல்லிப்போட்டேன். சோதிச்சுப் பாத்தா சரக்குல சத்தே இல்லீங்க. நல்லதை நான் வெளிய வித்துப்போட்டு வேற எதையோ ஊத்தி வெச்சேன்னு முதலாளி எல்லார் முன்னாலயும் திருடின்னு சொல்லிப்போட்டாரு."

"லீவுல சாவி யாருகிட்ட இருந்துச்சுங்க?" என்றான் பஷீர்.

"மேனேஜர் சுரேந்தர்கிட்ட. முதலாளியோட அண்ணன் மகன். அவர்தான் பாக்டீரியா விதைக் கரைசலை ஊத்தி ஆரம்பிச்சு வெச்சாரு."

பஷீர் அப்போதே சுரேந்தருக்கு மனத்துக்குள் விலங்கு மாட்டிவிட்டான்.

ஆலை வாசலில் தம்பிதுரை கொதித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்த ஆலை என் உசுருங்க. பூஜைக்கு ஒவ்வொரு மெசினுக்கும் என் கையாலயே பொட்டு வெச்சேன். எங்க கோபியில இருக்கற தோட்டத்து மஞ்சள். அப்படிப் பாத்துக்கற இடத்துல திருட்டுன்னா விடுவனுங்களா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அரவை இயந்திரம், தராசு, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றிலும் மஞ்சளும் நடுவில் குங்குமமும் காய்ந்திருந்தன.

"வாட்ச்மேன் சைக்கிளுக்குக்கூடப் பொட்டு இருக்கு சார். இவ்வளவு பெரிய டேங்குக்கு மட்டும் இல்லை," என்று பஷீர் கிண்டலடித்தான்.

பாலகோபால் சிரிக்கவில்லை. கலனைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கோடு வரைந்த காகிதத்தை விரித்தார். கோடு கீழிருந்து ஏறி வரவில்லை. ஆரம்பத்திலேயே உயரத்தில் நின்றது.

"விதைக்கறதுக்கு முன்னாலயே விளைஞ்சிருக்குதே," என்றார்.

சுரேந்தருக்கு வியர்த்தது. பஷீர் துள்ளினான். "சார், இவர்தான்..."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, பஷீர். டேங்கைக் கழுவி வெறும் தண்ணி நிரப்பச் சொல்லு."

தண்ணீர் நிரம்புவதற்குள் பொழுது சாய்ந்தது. தொழிலாளர்கள் கூடிவிட்டார்கள். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மௌனிகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாலகோபால் கருவியை இயக்கினார். பேனா விறுவிறுவென்று மேலே ஏறியது.

"தண்ணியிலயுமா வைட்டமின்?" என்று தம்பிதுரை வாயைப் பிளந்தார்.

"திருட்டே நடக்கலீங்க. பாக்டீரியா வளர்ந்து முடியறதுக்கு முன்னாடியே சரக்கை இறக்கிட்டாங்க. பொய் சொன்னது கருவி."

பாலகோபால் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றினார். அதன் நீல ஒளியைக் கண்ணாடிமேல் பிடித்தார். இருட்டில் விரல்நுனி அளவுக்கு ஒரு வட்டம் பச்சையாக மினுங்கியது.

"மஞ்சளும் இந்த வெளிச்சத்துல இப்படித்தான் மினுங்கும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சைக்கிளுக்கே பொட்டு வெச்ச கை, இந்த டேங்கை மட்டும் விட்டிருக்குமுங்களா? வெச்ச பொட்டை யாரோ துடைச்சிருக்காங்க."

விளக்குகள் மறுபடி எரிந்தபோது சுரேந்தர் தலைகுனிந்து நின்றான். "சாம்பிராணிப் புகை படக் கூடாதுன்னு கருவியைக் கழட்டி வெச்சிருந்தேனுங்க. சித்தப்பா கண்ணாடி மேலயே பொட்டு வெச்சுட்டாரு. சொல்லப் பயந்து, அவர் போனதும் ஈரத்துணியில துடைச்சுப்போட்டு மாட்டிட்டேன்."

"மஞ்சள் தண்ணிக்குப் போகுமா?" பாலகோபால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. கருவியை மறுபடியும் மாட்டியதும் பேனா அடிமட்டத்துக்கு இறங்கி அங்கேயே ஓடியது. பஷீர் தான் மாட்டிய விலங்கைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

"கண்ணாடி மேல ஏனுங்க வெச்சீங்க?" என்று பாலகோபால் மெதுவாகக் கேட்டார்.

"அம்மணிதான் ஒருக்கா சொல்லுச்சு, இதுதான் மெசினோட கண்ணுன்னு. அந்தக் கண்ணு நல்லா இருக்கோணும்னு..." தம்பிதுரை தன் விரல்நுனியைப் பார்த்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "யாரைக் கூட்டிட்டுப் போகணும்?"

தம்பிதுரை தொழிலாளர்கள் நடுவே வந்து நின்று கைகூப்பினார். "யாரையும் வேண்டாமுங்க. இந்த அம்மணி திருடலை. எல்லார் முன்னாலயும் பழி போட்டேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன். தப்பு என்னுதுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுப்போடு கண்ணு."

மௌனிகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.