சீனக் கோப்பையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

மேசையின் தலைமாட்டில் தியாகலிங்கம். யூனியன்வில்லில் வீடு, அஜின்கோர்ட்டில் இரண்டு கடை.

வலப்பக்கம் மனைவி யோகமலர், கையைக் கட்டிக்கொண்டு.

ஜன்னலோரம் அகஸ்ரின். பழம்பொருள் வாங்கி விற்பவன். குடும்ப நண்பன்.

கிளடிஸுக்குக் கதிரை இல்லை. அந்த வீட்டு பேஸ்மென்ரில் இருந்துகொண்டு சமையலும் துப்புரவும் பார்ப்பவள். பிரிட்ஜோடு சாய்ந்து நின்றாள்.

நடுவில், வெள்ளைத் துணியின் மேல், பிரேதம் மாதிரி... ஒரு கோப்பை!

உள்ளங்கைக்குள் அடங்கும். முட்டையோட்டு மெல்லிசு. சுற்றிவர இளஞ்சிவப்புப் பூக்கள். ஒரு காலத்தில் சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இருந்தது. மறுநாள் ஏலக் கம்பனிக்குப் போக இருந்தது.

அகஸ்ரின் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணை... உது கள்ளக் கோப்பை."

"என்ன விசர்க் கதை? நீதானே ஒறிஜினல் எண்டு சொன்னனீ?"

"அது அப்ப. இப்ப ஆரோ மாத்திப் போட்டினம். அடியிலை பாருங்கோ, அரச முத்திரைக்குப் பக்கத்திலை சிவப்புப் புள்ளி. முந்தி நான் பாக்கேக்கை இது இல்லை. கொப்பி அடிச்சவன் தன்ரை அடையாளத்துக்கு வைச்சிருக்கிறான்."

மூன்று தலைகளும் பிரிட்ஜ் பக்கம் திரும்பின.

"கோப்பை இருந்த அலுமாரியைத் துடைக்கிறது ஆர்?" யோகமலர் கேட்டாள்.

"நான்தான் அக்கா."

"அதைப் பூட்டுற திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டையும் ஒண்டு இருக்கு. ஆனா..."

"பாத்தீங்களோ, முழிக்கிற முழியை?"

அடுத்த மாதம் கிளடிஸின் அகதி வழக்கு விசாரணை. அதற்குள் களவுக் கேஸ் ஒன்று விழுந்தால்... ஊருக்கு அடுத்த பிளேன்!

"பொலிசைக் கூப்பிடட்டோ?" தியாகலிங்கம் போனைத் தூக்கினார்.

"வேண்டாம் அண்ணை." அகஸ்ரின் முந்திக்கொண்டான். "பொலிஸ் வந்தா, எங்கை வாங்கினது, வரி கட்டினதோ எண்டு உங்களைத்தான் குடையும். ஆளைத் துரத்துங்கோ. அதுவே காணும்."

போன் கீழே போனது.

"அண்ணை, அந்தப் புள்ளி..." கிளடிஸ் தொடங்கினாள்.

"வாயை மூடு," என்றார் தியாகலிங்கம்.

மூடினாள்.

"உடுப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கு. உந்தக் குப்பையையும் நீயே கொண்டு போ. என்ரை கண்ணிலை படக்கூடாது."

"எனக்கே தாறீங்களோ அண்ணை?"

"ஓமடி, போ."

"அக்கா, கேட்டனீங்கள்தானே? பேந்து களவெடுத்தனான் எண்டு சொல்லப்படாது."

"போய்த் துலை," என்றாள் யோகமலர்.

அகஸ்ரின் சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து, வோபர்னில் சிநேகிதியின் அப்பார்ட்மென்ரில் இருந்து கிளடிஸ் கடிதம் எழுதினாள்.

"அகஸ்ரின் அண்ணைக்கு,

அக்கா தன்ரை மகள் சிவானி பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு, சனத்துக்குக் காட்டவெண்டு அந்தக் கோப்பையையும் விழா ஹோலுக்குக் கொண்டுபோனவ. ஹோலுக்குப் போற சட்டி பானை மற்றவையின்ரையோடை மாறாமல் இருக்க, அடியிலை நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூரெக்ஸாலை ஒரு புள்ளி வைக்கிறது என்ரை வழக்கம். கோப்பைக்கும் வைச்சனான். என்ரை புள்ளி உள்ளதை நீங்கள் கள்ளக் கோப்பையெண்டு சொல்லிப்போட்டு, பொலிசும் வேண்டாமெண்டேக்கைதான் மாத்தினது ஆரெண்டு விளங்கினது.

நீங்கள் கொப்பியோடை வந்து மாத்தேக்கை இரண்டையும் கையிலை வைச்சுத் தடுமாறியிருப்பியள். சக்கரவர்த்தி வீட்டிலை கியூரெக்ஸ் ஏது எண்டு, புள்ளி உள்ளதைக் கொப்பியெண்டு நினைச்சு விட்டிட்டியள். சைனா ரவுணிலை ஒரு வியாபாரிக்குக் காட்டினன். கடைக்கதவைச் சாத்திப் போட்டுத்தான் கதைச்சார். விலை பேசியாச்சு. என்ரை அகதிக் கேசுக்கு நல்ல லோயராய்ப் பிடிச்சிருக்கிறன்.

பொலிசுக்குப் போக விருப்பமெண்டால் போங்கோ. அண்டைக்கு வேண்டாமெண்டது நீங்கள்தான்.

நீங்கள் கொண்டுபோனதும் நல்ல கோப்பை. மைக்ரோவேவிலை வைக்கலாம்."

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டிக்குள் போட்டாள்.

அகஸ்ரின் செய்த களவில், தபால் முத்திரைச் செலவு மட்டும்தான் அவளுடையது.