காளிதாஸ் வாசித்த கை

காலை மணி 7.10. மலேசியாவின் கூலாய் நகரில் படப்பிடிப்புக்காக வாடகைக்கு எடுத்திருந்த கல்யாண மண்டபத்தில் இயக்குநர் மதிவாணன் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருக்க வேண்டியது ஆர்மோனியம். இருந்தது மணல் மூட்டை. விளக்குக் கம்பங்கள் சாயாமல் இருக்க அடியில் வைப்பார்களே, அந்த மூட்டை.

காணாமல் போனது லேசுப்பட்ட ஆர்மோனியம் இல்லை. ஜோகூர் தோட்டங்களில் திருவிழா என்றால் முதலில் கூப்பிடப்பட்ட பாடகர் காளிதாஸ் வாசித்தது. அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. அவர் வாழ்க்கையைத்தான் மதிவாணன் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அன்று கடைசி நாள். கட்டைகளின் மேல் விரல்கள் ஓடும் நெருக்கக் காட்சிகளை அசல் ஆர்மோனியத்திலேயே எடுப்பதாகத் திட்டம்.

மணி 8.30. போலீஸ் சார்ஜன் லோஷினி வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அவர் 'புவான்', அதாவது மேடம். பெட்டி இருந்த அறைக்கு ஒரே கதவு, சன்னல் கிடையாது.

"சாவி?"

"ராத்திரி பூரா என் பாக்கெட்லதான் புவான்," என்றார் மதிவாணன்.

"வேற சாவி?"

"இல்ல."

"பூட்டும் உடையல. அப்ப ராத்திரி ஒண்ணும் திருடு போகல. நேத்து நீங்க பூட்டி வச்சதே மணல் மூட்டைய."

காளிதாசின் மகன் செல்வா செனாய் ஊரிலிருந்து வேனில் அனுப்பிய பெட்டி முந்தின நாள் மாலை 5.30க்கு வந்தது. கேமரா முன்னால்தான் திறக்க வேண்டும் என்று மதிவாணன் சொல்லியிருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. 6.30க்கு அறையைப் பூட்டினார். நடுவில் எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மண்டபத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருவன் காளிதாசாக நடிக்கும் தீபன். இன்னொருத்தி காளிதாசின் மகள் பிரேமலா.

மதிவாணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காட்சியில் வரும் பொருள் விஷயத்தில் மனிதர் படு கறார். மேடையில் சுழன்ற மின்விசிறி அந்தக் காலத்து மாடல் இல்லை என்று தெரிந்ததும், இரண்டு நாள் எடுத்ததைத் தூக்கி எறிந்தார். "இன்னொரு தடவ திரும்ப எடுக்கணும்னா படத்த அப்படியே மூடிருவேன்," என்று தயாரிப்பாளர் சாத்தப்பன் அப்போதே சொல்லிவிட்டார். காளிதாசின் வாழ்க்கை விஷயத்தில் மட்டும் மதிவாணனுக்குத் தாராள மனசு. காளிதாஸ் குடித்துவிட்டுத் திருவிழா மேடையில் விழுவதாக ஒரு காட்சி வைத்தார். யாரும் சொன்னதில்லை, கதைக்குச் சூடு வேண்டும் என்று அவராக எழுதியது. எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை என்று பிரேமலா அன்றிலிருந்து சண்டை.

மணி 8.55. தீபன்.

"ஆர்மோனியத்த பாத்தீங்களா?"

"பெட்டியத்தான் பாத்தேன் புவான். மூலைல உக்காந்து வசனம் படிச்சிட்டிருந்தேன். அக்கா பெட்டிக்குப் பூ போட்டாங்க."

"வாசிக்கத் தெரியுமா?"

"ஆறு மாசம் பழகினேன். அவரு இடது கைக்காரரு. இடது கையில வாசிச்சு, வலது கையில துருத்தி போடுவாரு. அந்தா, போட்டோல பாருங்க."

சுவரில் ஆளுயரப் படம். காளிதாஸ் மேடையில் வாசித்தபோது முன்னாலிருந்து எடுத்த ஒரே புகைப்படம். பழைய நெகட்டிவைத் தேடிப் பிடித்து, பத்து பாகாட் நகரத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கியிருந்தார் மதிவாணன்.

தீபன் கைப்பேசியை இடது நெஞ்சருகே கொண்டுபோனான். அங்கே பாக்கெட் இல்லை. அசடு வழிந்தபடி வலது பக்கப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"இந்தச் சட்டையில இப்படித்தான் புவான். போட்டோல இருக்கிற மாதிரியே தைக்கச் சொன்னாரு சார்."

மணி 9.15. பிரேமலா செனாயில் தொழிற்சாலை சூப்பர்வைசர். படப்பிடிப்பு நாளெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

"படத்த நிறுத்தத்தான் எடுத்தீங்களா?"

"நிறுத்தணும்னா ஆர்மோனியத்த எதுக்குத் தொடணும்? ஆரம்பத்துலயே முடியாதுன்னு சொல்லிருப்பேன்லா."

"குடுக்க இஷ்டமா?"

"அண்ணன் என்னைக் கேக்காம குடுத்துட்டாரு."

மதிவாணனும் அவளுக்குப் பரிந்து பேசினார். "சண்ட போட்டாலும் தெனமும் வருவாங்க புவான். அவரு சட்டைக் கைய எப்படி மடிப்பாரு, பாடுறதுக்கு முன்னால எப்படிச் செருமுவாரு, எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்."

லோஷினி எழுந்து போய்ப் புகைப்படத்தின் முன் நின்றார். படத்திலிருந்த சட்டைப் பாக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மூவரையும் அங்கேயே கூப்பிட்டார்.

"ஆம்பளச் சட்டைல பாக்கெட் எந்தப் பக்கம்?"

"இடது," என்றான் தீபன்.

"இதுல வலது. பட்டன் பட்டையும் எதிர்ப்பக்கம் மூடியிருக்கு. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டாங்க. காளிதாஸ் எல்லாரையும் போல வலது கையிலதான் வாசிச்சாரு."

மதிவாணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை மேடைக் காட்சிகளிலும் தீபன் வேறொரு ஆர்மோனியத்தை இடது கையால் வாசித்திருந்தான்.

"பல வருஷம் வாசிச்ச ஆர்மோனியம். இடது கை பட்டுப் பட்டு துருத்திப் பலகை ஒரு ஓரமா தேஞ்சு கறுத்திருக்கும். சார் கண்ணுக்கு அது தப்பாது. பெட்டிய யாருமே திறக்கல. திறக்காமலே அந்தத் தேய்மானம் தெரிஞ்சவங்க இங்க ஒருத்தர்தான். சட்டைக் கை மடிப்பு வரைக்கும் திருத்தினவங்களுக்கு, வாசிக்கிற கைய பத்தி மட்டும் வாயில கொழுக்கட்டையா, பிரேமலா?"

பிரேமலா கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து நீட்டினாள்.

"என் காடி பின்சீட்டுல இருக்கு," என்றாள். "தீபன் தலை குனிஞ்சு படிச்சிட்டிருந்தான். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அந்தப் பெட்டியையே காடிக்குத் தூக்கிட்டுப் போயி மாத்திக் கொண்டாந்தேன்."

"ஏம்மா?" என்றார் மதிவாணன்.

"முதல் நாள் பாக்கும்போதே தெரியும் சார். அப்பவே தம்பி நல்லா பழகி முடிச்சிட்டான். சொன்னா நீங்க எல்லாத்தையும் திரும்ப எடுப்பீங்க. முதலாளி படத்த மூடுவாரு. எங்கப்பாவுக்கு வேற யாரு சார் படம் எடுக்கப் போறா? எந்தக் கையில வாசிச்சா என்ன, திரையில வந்தாப் போதும்னு நெனச்சேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சொந்த வீட்டுப் பொருளை எடுத்ததற்கு வழக்கு எதுவும் இல்லை என்று லோஷினி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மதிவாணன் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்தார்.

"மேடைக் காட்சி எல்லாமே இந்தப் போட்டோ மாதிரி முன்னாலேர்ந்து எடுத்ததுதான். எடுத்ததை அப்படியே இடம் வலமா திருப்பிப் போட்டா? கை சரியாயிடும். பாக்கெட்டும் சரியாயிடும். பேனர் எழுத்த மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்தணும். கட்டை வாசிக்கிறத இன்னிக்கு வலது கையிலயே எடுத்துடலாம்."

"ஆறு மாசம் பழகினேன் சார்," என்றான் தீபன் பாவமாக. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மணி 10.20. ஆர்மோனியம் மேடைக்கு வந்தது. துருத்திப் பலகையின் இடது ஓரம் தேய்ந்து கறுத்திருந்தது. மதிவாணன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரேமலாவிடம் திரும்பினார்.

"அந்தக் குடிக்கிற காட்சி நானா எழுதினதுதான்மா. உங்க மனச நோகடிச்சு அது எனக்கு வேணாம். வெட்டிடறேன்."

இத்தனை மாதச் சண்டையில் அவள் கேட்டது இதைத்தான். பிரேமலா அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள். "விழுந்தாரு. நானும் அண்ணனும்தான் தூக்கிட்டுப் போனோம்."