சின்னது போதும் என்றவர்

காலை எட்டரை. டிக்கோயாவில் நாகலெட்சுமியின் கராஜ்.

தங்கவேலு முதலாளியின் ஹைபிரிட் காரைத் தூக்கிப் பார்த்தாள் நாகலெட்சுமி. புகைக்குழாயின் நடுவே இருக்க வேண்டிய, புகையைச் சுத்திகரிக்கும் கன்வர்ட்டரைக் காணோம். லட்சக்கணக்கில் விலைபோகும் சாமான். அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"போன மாசம் ஒயில் மாத்தினது உங்க மெக்கானிக் விஜிதரன்தானே? அதுக்கப்புறம் எந்தக் கராஜுக்கும் கார் போகல. நான் பொலிசுக்குப் போறேம்மா" என்றார் முதலாளி.

விஜிதரனின் முகம் செத்துப்போனது. திருட்டுப் பட்டம் விழுந்தால் அட்டன் முழுக்க ஒரு கராஜும் அவனைச் சேர்க்காது. நாகலெட்சுமி விடுவதாயில்லை.

"பொறுங்க முதலாளி. கன்வர்ட்டர் இல்லாட்டி எஞ்சின் லைட் எரியணும். எரிஞ்சுச்சா?"

"ஒருநாளும் பாக்கலியே."

"அப்ப கார் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச பழுதை யாரோ அழிச்சிருக்காங்க."

மேசையில், காரில் செருகிப் பழுது பார்க்கும் ஸ்கேனர்கள் இரண்டு இருந்தன. பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொழும்பு வியாபாரி அனுப்பியவை. முதலாளியின் டிரைவர் செல்லசாமி எட்டிப் பார்த்தார்.

"சின்னதே போதும் தங்கச்சி. பழுதைக் காட்டும், அழிக்கச் சொன்னா அழிக்கும். பெருசு வீண் செலவு."

அவள் சின்னதைக் காரில் செருகினாள். பழுது இல்லை என்றது. பிறகு பெரியதைச் செருகினாள். பழுதை அழித்த பிறகு கார் ஓடிய தூரத்தை அது காட்டியது: ஐந்து கிலோமீட்டர்.

"முதலாளி, எங்கேருந்து வர்றீங்க?"

"அட்டன் வீட்டுலேருந்து நேரா இங்கதான்."

"அது அஞ்சு கிலோமீட்டர். இன்னைக்குக் காலைல உங்க வாசல்லதான் அழிச்சிருக்கு. ஒருதரம் அழிச்சா அடங்காதுங்க, ஓட ஓட லைட் திரும்ப வரும். தினமும் கார் கூடவே இருக்கிறவங்கதான் திரும்பத் திரும்ப அழிக்க முடியும். விஜிதரன் இந்தக் காரைத் தொட்டு ஒரு மாசமாச்சு. காலைல கார்கிட்ட யாரு நின்னது?"

"நான் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். செல்லசாமிதான் தொடச்சிக்கிட்டு நின்னான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். சின்ன ஸ்கேனர் என்னென்ன செய்யும் என்று ஒரு டிரைவருக்கு அத்தனை சுத்தமாகத் தெரிந்திருந்தது.

"அண்ணே, உங்ககிட்ட இருக்கிற சின்னதையும் மேசையில வைங்க" என்றாள்.

செல்லசாமியின் கை தன்னாலே ஜெர்கின் பையைப் பொத்தியது.

முதலாளி போனை எடுத்தார்.

"பொலிசுக்கு அப்புறம் பேசலாங்க. முதல்ல விஜிதரன்கிட்ட பேசுங்க" என்றாள் நாகலெட்சுமி.

முதலாளி போனைத் தாழ்த்தி விஜிதரன் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருப்பா" என்றார்.

விஜிதரன் தலையசைத்தான். வியாபாரி அனுப்பிய சின்ன ஸ்கேனரை எடுத்துப் பெட்டியில் போட்டு, கொழும்புக்குத் திருப்பியனுப்ப இறுக்கிக் கட்டினான்.