ஐயோ அக்கா காயின்

வீட்டில் யாருமில்லை. ஆனால் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

வளர்மதி தோள்பையை இறக்காமலே நின்று கேட்டாள். உள்ளே வாளியில் தண்ணீர் சொட்டும் ஓசை; ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவே, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போன்ற அமைதி. செராமிக் கம்பெனியில் பகலெல்லாம் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசிவிட்டு வந்த கையை நீட்டினாள். கதவைத் தள்ளப் போனாள். அதற்குள் தாழ்ப்பாள் தானாக நகர்ந்து, கதவு மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே ஒருவருமில்லை. அலறிவிட்டாள்.

கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்த கணவன் இளவழகன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"என்னா வளரு, நான் இருக்கேன்ல?"

அந்த நெஞ்சில் முகம் புதைத்து அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கோடையில் ஒருநாள் அவள் கழுத்தில் பல்லி விழுந்ததை இளவழகன் விளையாட்டாக வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். விழி பிதுங்கி, வாய் கோணிய அந்த முகம் ஊரெல்லாம் பரவியது. 'கரண்டு பில்லைப் பார்த்ததும்', 'மாமியார் பெட்டியோடு வந்து இறங்கியதும்' என்று ஆளாளுக்கு அதன்மேல் எழுதிச் சிரித்தார்கள். மங்கலம்பேட்டை பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்கள் அவளைக் காட்டி, "ஐயோ அக்கா!" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு யாரோ முகம் தெரியாதவர்கள் அவள் முகத்தைப் போட்டு இணையத்தில் வாங்கி விற்க ஒரு கிரிப்டோ காயினே விட்டார்கள். இளவழகன் பைக்கை விற்று அதை வாங்கினான். ஜனங்கள் சிரிக்கும்வரை அதன் விலை ஏறியது. அலுத்துப்போனதும் சரிந்தது.

அதன் பிறகுதான் வீட்டில் ஓசைகள் தொடங்கின. பரணில் ஏதோ உருளும். யாருமில்லாத அறையில் பாத்திரம் விழும். படுக்கையில், வலது காதருகே, ஈரமான மூச்சு ஒன்று வந்து வந்து போகும். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மாவு டப்பாவை எடுக்கச் சமையலறை அலமாரியில் கைவிட்டபோது சூடாக ஏதோ பட்டது. ஒரு போன். கேமரா அடுப்பைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்ததும் திரையில் அவள் முகம். அதன் கீழே, நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுதிய வரிகள்: 'அக்கா, இன்னும் நல்லா அலறு.'

பழைய வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். குளியலறை வாசல். தூக்கத்தில் திடுக்கிட்டு எழும் அவள். கடைசியாக, அவன் நெஞ்சில் சாய்ந்து அழும் அவள். அணைத்திருந்த கைகளில் ஒன்று அவளைப் படம் பிடித்திருக்கிறது.

சமையலறை வாசலில் இளவழகன் நின்றிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை.

"தாழ்ப்பாள்ல நூலு கட்டி இழுத்தது நான்தான். பரண்ல தேங்காய உருட்டனதும் நான்தான். ஜனங்க உன்ன மறந்துட்டா காயின்ல போட்ட காசு எல்லாம் போயிடும் வளரு. நமக்காகத்தான் பண்ணேன்."

"உங்க நெஞ்சுலதானங்க சாஞ்சு அழுதேன்?"

அவன் தலைகுனிந்தான்.

"எங் காதுகிட்ட மூச்சு வுட்டதும் நீங்கதானா?"

"மூச்சா?"

நிமிர்ந்தவனின் பார்வை அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கு இப்படி நடிக்க வராது. அது அவளுக்குத் தெரியும்.

ஓரடி பின்னால் வைத்தான். இன்னோரடி. வாசல்படி தாண்டினான். கதவைச் சாத்தினான். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"என்னாங்க! கதவத் தொறங்க!"

சன்னல் கம்பிகளுக்கு நடுவே அவன் போன் முளைத்தது. அதைப் பிடித்திருந்த கை அவளை நோக்கி நீண்டது. இறங்கவில்லை.

"திரும்பிப் பாரு வளரு." அவன் அழுதுகொண்டிருந்தான். "ஒரே ஒரு வாட்டி."

கழுத்தில் ஈர மூச்சு.

அவள் திரும்பவில்லை. கண்களை இறுக மூடினாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தரமாட்டேன். இனி அவனுக்கு இந்த முகத்தைத் தரவே மாட்டேன்.

மழை ஓசை நின்றுபோயிருந்தது.

பொத்தியிருந்த அவள் விரல்களை, சில்லென்ற வேறு விரல்கள், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின.