பதினேழாம் பெட்டி

காலை 8.10. இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியபோது ஒரு கொலை முடிந்து, இரண்டாவது நடந்துகொண்டிருந்தது.

தேனீப் பண்ணையின் வேலியோரம், பக்கத்து நிலத்துச் சூரியகாந்திக்காரரைக் கீழே தள்ளி நாலு வேலையாட்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பாதுகாப்பு உடையை இடுப்பு வரை கழற்றித் தொங்கவிட்டிருந்த ஐந்தாமவன், அவருடைய வலது கையைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் ஜீப் வரைக்கும் கேட்டது.

"கல்லைப் போடுடா!" இன்ஸ்பெக்டரின் லத்தி அவன் தோளில் இறங்கியது.

"என் அண்ணனைக் கொன்னுட்டான் மேடம்! மருந்தடிச்சு எங்க தேனீயைக் கொன்னான், தட்டிக் கேட்ட மனுஷனையும் கொன்னுட்டான்!"

"தீர்ப்பு சொல்றதுக்கு வேற ஆள் இருக்காங்க. தள்ளி நில்லு."

வரிசையாக நாற்பது பெட்டிகள். பதினேழாவது மட்டும் கவிழ்ந்து, பண்ணைக்காரரின் மார்பின்மேல் கிடந்தது. அவர் பின்மண்டை பிளந்திருந்தது. பெட்டி நெம்பும் இரும்புப் பட்டை, ரத்தமும் முடியுமாகப் பக்கத்திலேயே கிடந்தது. வெளிறிப்போன முகத்தில் முப்பதுக்கு மேல் கொடுக்குகள். கன்னம் ஒட்டியபடியே இருந்தது.

குனிந்து பார்த்த ஏட்டு "ஐயோ" என்று இமையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் அவருக்குக் கண் இருந்த இடமே தெரியவில்லை.

"ஒரே ஒரு கொட்டுக்கே இந்தப் பாடு மேடம்."

"இன்னொரு கண்ணு மிச்சமிருக்குல்ல? அதை வெச்சு எழுதுங்க."

8.30. தம்பிக்காரனை வேப்பமரத்தடியில் நிறுத்தி விசாரித்தார்.

"நீ என்ன பார்த்தே?"

"ஏழு மணி இருக்கும். இவன் பட்டையால அடிச்சான். அண்ணன் பெட்டியோட சாஞ்சாரு. தேனீ மொய்ச்சு, பத்து நிமிஷம் கத்தினாரு மேடம். நான் உடையை மாட்டிட்டு ஓடி வர்றதுக்குள்ள அடங்கிட்டாரு."

"அதோ, அந்தப் பெரிய குழி எதுக்கு?"

"தண்ணித் தொட்டி கட்ட. அண்ணன்தான் வெட்டினாரு."

"தொட்டிக்கு மண்ணெண்ணெய் எதுக்கு? குழிக்குள்ள ரெண்டு கேன் இருக்கே."

அவன் குழியை எட்டிப் பார்த்தான். அதற்குள் ஏழெட்டுத் தேனீக்கள் அவன் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தன. அவன் விரட்டவில்லை. கையால் மெல்ல மூடிக்கொண்டான்.

"தேன் வாசனை மேடம்," என்றான்.

8.45. சூரியகாந்திக்காரர் மண்ணில் சாய்ந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். "பூத்த செடிக்கு மருந்தடிச்சது என் தப்பு. ஒத்துக்கறேன். இவங்க தேனீ கொத்துக்கொத்தா செத்துச்சு, போன வாரம் அடிதடியும் ஆச்சு. ஆனா இன்னிக்கு இவங்க வந்து இழுத்துட்டு வர்ற வரைக்கும் நான் மோட்டார் ரூமை விட்டு நகரலைம்மா. என்னை உள்ள தள்ளினா என் ரெண்டு பொண்ணும் தெருவுலதான் நிக்கும்."

இன்ஸ்பெக்டர் அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். செருப்புத் தடம் இருந்தது, வீக்கம் இருந்தது, காயம் இருந்தது. ஒரு கொடுக்குகூட இல்லை.

8.55. பண்ணைக்காரரின் மனைவி அழாமல் நின்றாள். இறந்தவர் பையிலிருந்து எடுத்த காகிதப் பொட்டலத்தை இன்ஸ்பெக்டர் நீட்டினார். உள்ளே நாலு பல்குச்சிகள், நுனியில் பழுப்புப் பசை.

முகர்ந்ததுமே அவள் முகம் மாறியது. "புழு அழுகல் நோய். கூட்டுல செத்த தேனீப் புழுவைக் குச்சியால தொட்டா நூல் மாதிரி இழுபடும். வந்துட்டா பெட்டியோட குழியில போட்டுக் கொளுத்தணும். அதுவும் விடியக்காலை, தேனீ வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி. எங்கிட்டகூட வாய் திறக்கலையே இந்த மனுஷன்."

"கவிழ்ந்த பெட்டித் தேனீ ஏன் இப்படி அலையுது?"

அவள் சிதறிய தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். "ராணி இல்லை. அதைத்தான் தேடுதுங்க."

"நசுங்கிச் செத்திருக்குமோ?"

"செத்திருந்தாலும் அதைச் சுத்தி உருண்டையா உக்காந்திருக்கும். பெட்டியிலேயே இல்லைங்க."

9.10. எல்லோரையும் மரத்தடிக்கு வரச்சொன்னார். தம்பியின் சட்டைப் பையில் இப்போது ஒரு கைப்பிடி தேனீ கொத்தாகத் தொங்கியது.

"ஏட்டய்யா, உங்க கண்ணைக் காட்டுங்க. உயிருள்ள உடம்புல ஒரு கொட்டு பட்டா இப்படி. பத்து நிமிஷம் கத்தினவர் முகத்துல முப்பது கொட்டு. அப்போ முகம் எப்படி இருக்கணும்? அவர் முகம் வீங்கவே இல்லை. செத்த உடம்பு வீங்காது. அடிச்சுக் கொன்ன பிறகுதான் அவர்மேல பெட்டியைக் கவுத்திருக்காங்க. உடை இல்லாம கவுத்திருந்தா இந்தச் சூரியகாந்திக்காரர் உடம்பு சல்லடையா இருக்கும்."

"உடை யாரு வேணா திருடிப் போட்டிருக்கலாம்," என்றான் தம்பி.

"போடலாம். ஆனா வெளியாள் பெட்டியைக் கவுக்கிறப்ப ராணியைப் பத்தி யோசிப்பானா? சட்டத்தை உருவி, தேடி, பத்திரமா எடுத்து வெச்சுட்டு அப்புறம் கவுத்திருக்கான். அண்ணனைக் கொன்ன கைக்கு ராணியைக் கொல்ல மனசு வரலை. பையில இருக்கறதை எடு."

அவன் வேலியைப் பார்த்து ஓடினான். நாலடிகூடத் தாண்டவில்லை. ஏட்டு காலை வாரிவிட்டார். விழுந்த வேகத்தில் மூக்கு உடைந்தது. அப்போதும் மல்லாந்து புரண்டு, பையைத் தரையில் படாமல் காத்தான். கம்பிவலை போட்ட சின்னக் கூண்டு வெளியே வந்தது. உள்ளே நீண்ட வயிற்றோடு ராணி ஊர்ந்தது.

மிதித்த நாலு பேரில் ஒருவன் சூரியகாந்திக்காரருக்குத் தண்ணீர் நீட்டினான். அவர் செம்பைத் தட்டிவிட்டார்.

"அஞ்சு வருஷம் பொறுக்கி எடுத்த வம்சம்," தம்பியின் வாயில் ரத்தம் குமிழிட்டது. "நோய் பதினோரு பெட்டியிலதான். ராணியையாவது மாத்தி வெச்சுக்கலாம்னு கால்ல விழுந்தேன். நாப்பதையும் எரிக்கணும்னாரு."

மனைவி அவன் அருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை அடி அடிச்சே?"

அவன் ராணியின் கூண்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"தலைக் காயத்தை நான் எண்ணிப் பார்த்தேன், அஞ்சு. முதல் அடியிலயே விழுந்திருப்பார். மத்ததெல்லாம் எதுக்குடா?"

"விழுந்துட்டாரு அண்ணி. கையில தீப்பெட்டி. அதை விடவே இல்லை."