மனமானியும் தரகர் முகமும்

பொள்ளாச்சிச் சந்தைத் தெருவில் ஒரு டாக்டரை நம்புவதற்கு அன்று காலை விலை நாலு புள்ளி மூன்று. டாக்டர் மரகதவல்லியின் கிளினிக் வாசலில், எதிர்க்கடைத் தக்காளி விலைப் பலகையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை எழுத்தில் அது மின்னிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "நேத்து நாலு புள்ளி ரண்டு. ஏறுமுகந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த எண் இறங்காமல் காபந்து செய்வதுதான் சென்னியப்பனின் பிழைப்பு. பெயர்க்காவலர் என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். முந்தைய தலைமுறையில் நோயாளிகள் டாக்டரைப் பற்றிக் கைப்பேசியில் எழுதி, நட்சத்திரம் போடுவார்களாம். டாக்டரின் மைத்துனரும் எழுதினார், பக்கத்துத் தெரு டாக்டரின் மைத்துனரும் எழுதினார். எதை நம்புவது என்று தெரியாமல் போனதும் அரசாங்கம் மனமானியைக் கொண்டுவந்தது. டாக்டரின் மேசைக்கு மேலே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் கருவி. நோயாளியின் முகத்தையும் குரலையும் அளந்து, உள்ளே இருப்பது நிம்மதியா, பயமா, கோபமா, துக்கமா என்று அந்தக் கணமே ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடும். பேசுவதன் பொருள் அதற்கு வேண்டியதில்லை. நோயின் பெயர் காதில் விழுந்தால் மட்டும் குறித்துக்கொள்ளும். பொய் விமரிசனம் ஒழிந்தது. மூன்றுக்குக் கீழே இறங்கிய கிளினிக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பட்டியலில் இல்லாத டாக்டரிடம் ஈகூட வராது.

இதில் பொள்ளாச்சிக்கு மட்டும் ஒரு சங்கடம். இது மாட்டுச் சந்தை ஊர். பிடித்த மாட்டைப் பார்த்து முகம் மலர்ந்தால் விற்பவன் விலையை ஏற்றிவிடுவான் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். கண்புரை நீங்கிப் பார்வை திரும்பியவர்கூட, "ம், தெரியுது, பரவால்ல" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். மனமானி இரண்டரை போடும். சென்னியப்பன் வேலைக்கு வந்தபோது கிளினிக் மூன்று புள்ளி ஒன்றில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

அவர் தரகர் வீட்டுப் பிள்ளை. சரக்கை மாற்ற முடியாவிட்டால் பேச்சை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர். "நல்ல சேதிய நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. கெட்ட சேதிய அடுத்தவன் வாயில போடுங்க" என்றார். அதற்கு ஒரு வாசகமும் எழுதிக் கொடுத்தார்: "கவலைப்பட ஒண்ணுமில்லீங்க. எதுக்கும் ஒரு எட்டு கோயமுத்தூர் போய்க் காட்டிட்டு வந்துருங்க." மனமானிக் கணக்கில் ஒரு பெரிய துக்கம் நூறு நிம்மதியை அடித்துவிடும். அந்த அடியெல்லாம் இப்போது கோவைப் பெரிய ஆஸ்பத்திரியின் தலையில் விழுந்தது. பொள்ளாச்சி ஏறியது.

"பொய் சொல்ற மாதிரி இருக்குதுங்ணா" என்றார் டாக்டர் ஒருமுறை.

"கிளினிக்க மூடிட்டா உண்மைய யாருகிட்டச் சொல்லுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார் சென்னியப்பன்.

இப்படி இருக்கையில் சென்னியப்பனின் தொண்டையில் சோறு இறங்க மறுத்தது. முதலில் இட்லி இறங்கியது, பிறகு அதுவும் அடம்பிடித்தது. ஒரு நாள் மற்ற நோயாளிகளோடு தானும் வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். திரையைத் தேவைக்கு மேலேயே பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"கவலைப்பட ஒண்ணுமில்லீங்ணா. எதுக்கும் ஒரு எட்டு கோயமுத்தூர்..."

வாசகத்தின் மீதியைச் சென்னியப்பனே சொல்லி முடித்தார். எதற்கு எழுதிய வாசகம் என்று எழுதியவருக்குத் தெரியாதா! கோவைக்குப் போயும் பயனில்லை. அங்கேயும் ஒரு பெயர்க்காவலரைப் போட்டுவிட்டார்கள். "கவலைப்பட ஒன்றுமில்லை, உங்கள் ஊர் டாக்டரையே பாருங்கள்" என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். கொஞ்ச நாளாக நோயாளிகள் இரண்டு ஊருக்கும் நடுவே சிரித்த முகத்தோடு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நோயின் பெயரை ஒரு டாக்டர் மனமானி கேட்க வாய்விட்டுச் சொன்னால் ஒழிய, பெரிய வியாதிகளுக்கு வைத்தியம் ஒதுக்கும் சிகிச்சை வாரியம் கதவைத் திறக்காது.

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். டாக்டரின் அப்பா அதே சந்தையில் ஆடு விற்றவர். விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒரு காளை பார்த்திருக்கேனுங்க டாக்டரம்மா. கழுத்துல ஏதோ கோளாறு. தேறும்னா முழுக்கையப் பிடிங்க, தேறாதுன்னா ஒத்தை விரல்."

டாக்டர் மேலே கருவியைப் பார்த்தார். பிறகு துண்டுக்கடியில் கையை நுழைத்து அவர் கையை முழுதாகப் பிடித்தார். "இப்பவே வைத்தியம் பார்த்தா நிச்சயம் தேறுமுங்ணா. தை மாசம் வரைக்கும் போட்டு வெச்சா..." பிடி ஒற்றை விரலுக்கு மாறியது.

சரக்கைப் புகழும்போது வரும் தரகர் சிரிப்பைச் சென்னியப்பன் முகத்தில் மாட்டிக்கொண்டார். மனமானி நாலரை போட்டது.

"அப்ப வியாதியோட பேரைச் சத்தமாச் சொல்லிப்போடுங்க. என் சிரிப்பு கலையாது. உங்களுக்கும் புள்ளி குறையாது, எனக்கும் வைத்தியம் கிடைச்சிரும்."

"இது சந்தை இல்லீங்ணா."

"எல்லாஞ் சந்தைதானுங்க. சொல்லுங்க."

சொன்னார். தொண்டையில் புற்றுநோய். கறவை மாடு பாதி விலைக்கு அமைந்ததுபோல் சென்னியப்பன் வாயெல்லாம் பல்லாக, "ரொம்பச் சந்தோசமுங்க" என்றார். வாசல் பலகை நாலு புள்ளி நான்குக்கு ஏறியது. எந்திரத்தையே ஏமாற்றிவிட்ட பெருமையில் அன்று அவருக்குக் காபி ஓரளவு இறங்கவும் செய்தது.

மறுநாள் சிகிச்சை வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்து வாசித்தாள்: "நோயாளி நோயை முழு மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார். சிகிச்சையை விரும்பவில்லை எனக் கொள்ளப்பட்டது."

"நான் எப்ப அம்மணி விரும்பலைன்னேன்?"

"கேன்சர்னு சொன்னதும் சந்தோசம் நாலு புள்ளி ஒம்போதுன்னு இருக்குதுங்களே. கலியாணம் நிச்சயமானவங்களுக்குக்கூட இத்தனை வராதுங்கய்யா." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவர் நிற்கிற நிலையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "மறுபடி டாக்டர்கிட்டப் போய்க் கேளுங்க. இந்தத் தடவை கொஞ்சம் வருத்தப்படுங்க."

வருத்தப்படுவது அவ்வளவு சுலபமாக இல்லை. டாக்டர் மறுபடி நோயின் பெயரைச் சொன்னார். வெங்காயம் உரித்த கையோடு வந்திருந்த சென்னியப்பன் கண்ணைக் கசக்கி, மூக்கை உறிஞ்சினார். 'நடிப்பு' என்று எழுதியது மனமானி. தொடையைக் கிள்ளிக்கொண்டார். அதுவும் நடிப்பு. ஐம்பது வருஷம் பழக்கிய முகம், வேண்டிய நேரத்தில் காலை வாரியது.

அழுகை வராததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. "நான் நெசமா அழுதா நீங்க மூணுக்குக் கீழ போயிருவீங்க, டாக்டரம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "இந்தப் பேரை நாந்தானுங்க தூக்கி நிறுத்தினேன்."

"தெரியுமுங்ணா. பலகைய நான் பார்த்துக்கறேன்." டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுல சொல்லிட்டீங்களா? கோகிலாக்காகிட்ட?"

"இல்லீங்க."

"அக்கா ஒண்ணுமே கேக்கலையா?"

மனைவியைப் பற்றிக் கேட்டதும் சென்னியப்பன் வாயைத் திறந்தார். "தெனமும் ரசஞ்சோத்தக் குழையப் பிசைஞ்சு வெக்கறா. மிச்சம் வெச்சா எடுத்துட்டுப் போயி இன்னும் குழைச்சுக் கொண்டாறா. ஏன் எறங்கலைன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவளும் சந்தைக்காரன் மகதானே, மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறா. நேத்து அடுப்படியில தனியா நின்னுட்டு..."

மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சந்தைக்காரர் அழுது அவர்கள் பார்த்ததில்லை. டாக்டர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த அழுகைக்கு நடுவில், இதுவரை யார்மேலும் வராத நன்றி சென்னியப்பனுக்கு அந்த மனுஷிமேல் வந்தது. நன்றியையும் துக்கத்தையும் ஒரே முகத்தில் பார்த்தால் பிரித்தறியும்படி மனமானி செய்யப்படவில்லை. கனமானதை எழுதிக்கொண்டது.

வாசலில் பலகை சிவந்தது. இரண்டு புள்ளி ஒன்பது.

மாலைக்குள் வாரியத்திலிருந்து இரண்டு ஆணைகள் வந்தன, இரண்டும் ஒரே எந்திரத்திலிருந்து. கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இப்படி நிற்கிறது. சென்னியப்பன் பெயரில் வரவு: கதிர்வீச்சுக் கூடத்தில் ஓர் இடம், தை பிறப்பதற்கு முன்பே. டாக்டர் மரகதவல்லி பெயரில் பற்று: பட்டியலில் இருந்த இடமும், அதை நம்பித் திறந்திருந்த கிளினிக்கும். கிளினிக்கைக் கவிழ்த்த மதிப்பெண் யாரால் வந்தது என்ற கட்டத்தில், அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பெயர்க்காவலரின் பெயர். ஈடாக டாக்டருக்கு வந்தது என்ன என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் எதை நிரப்புவது என்று கருவிக்குத் தெரியவில்லை. அழுகைக்கு நடுவில் வந்தது எது என்று சென்னியப்பனுக்குத் தெரியும், ஆனால் அவர் எழுத அதில் இடம் விடப்படவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.