நாற்பதாயிரம் கியாட் தள்ளுபடி

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...

ரங்கூன் லான்மடாவ் கடைத்தெருவில், கடை திறந்த கையோடு அடிக்கும் போன் நல்ல செய்தி சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பர்னபாஸ் பயபக்தியோடு எடுத்தான்.

"மிங்கலாபா! கடல் சாமான், கரண்ட் சாமான் எல்லாம் இருக்கு... என்ன வேணும்?"

"ஆள் வேணும்."

"எந்த ஆளு?"

"நீதான்யா! இன்ஸ்பெக்டர் சோ வின் பேசறேன். நீ வித்த கம்ப்யூட்டரைக் கையில கட்டினவன் செத்துட்டான். உடனே ஸ்டேஷனுக்கு வா!"

பர்னபாஸ் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினான்.

ரங்கூனில் அவனிடம்தான் டைவ் கம்ப்யூட்டர் கிடைக்கும். கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது மெதுவாக மேலே வரவேண்டும் என்று சொல்லும். சிங்கப்பூரில் யாரோ கட்டிக் கழித்ததை வாங்கி, துடைத்து, 'புத்தம் புதுசு' என்று பர்னபாஸ் விற்பான். துடைத்தது என்னவோ நிஜம்!

கடைசியாக வாங்கியவர் பொன்னுத்துரை. போன வருஷப் புயலில் முங்கிய படகுகளைத் தூக்கும் கான்ட்ராக்டர். பத்து நாளுக்கு முன்னால் கடைக்கு வந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் சங்கிலி. பர்ஸுக்கு மட்டும்தான் பூட்டு!

"தண்ணிக்குள்ள இறங்கற என் முங்காளுக்கு ஒண்ணு வேணும். எவ்வளவு?"

"காத்து எவ்வளவு பாக்கின்னு காட்டற மாடல் அஞ்சு லட்சம் கியாட்ண்ணே."

"காத்து தீர்ந்தா அவனுக்கே தெரியாதா?"

"அப்ப இது மூணு லட்சம். ஆழம் காட்டும், நேரம் காட்டும். வேகமா மேல வந்தா கத்தும்."

"கத்தாம இருந்தா எவ்வளவு குறையும்?"

"கத்தலைன்னா ஆள் போயிடுவான்ண்ணே!"

பொன்னுத்துரை அரை நிமிடம் யோசித்தார். அந்த அரை நிமிடத்தைப் பர்னபாஸ் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"சரி, கத்தித் தொலைக்கட்டும். வேற என்ன இருக்கு?"

"மெமரி. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம் போனான்னு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கும்."

"அதைக் கழட்டினா?"

"நாப்பதாயிரம் குறையும்."

"கழட்டு!"

பர்னபாஸ் பின்னறைக்குப் போனான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினான். 'மெமரி நீக்கப்பட்டது. தள்ளுபடி நாற்பதாயிரம்' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

*

ஸ்டேஷனில் பொன்னுத்துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது!

மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் சோ வின். அப்பா பர்மாக்காரர், அம்மா மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைத் தமிழச்சி. மரியாதையாக விசாரிப்பது பர்மிய மொழியில், திட்டுவது தமிழில்.

இன்று தமிழில் ஆரம்பித்தார்.

"யோவ் பர்னபாஸ்! நேத்துக் காலையில பத்து மணிக்கு, முகத்துவாரத்துக்கு வெளியே இவரோட முங்காள் இராமையா இருபத்தஞ்சு மீட்டர் இறங்கியிருக்கான். உன் கம்ப்யூட்டர் கத்தவே இல்லை. சரசரன்னு மேல வந்தவன், படகுத் தட்டுலயே சுருண்டு செத்துட்டான்."

"யாரு பார்த்தது, ஸயா?" 'ஐயா' என்பதற்குப் பர்மாவில் 'ஸயா'.

"நான்தான் பார்த்தேன்!" பொன்னுத்துரை விம்மினார். "மத்த பசங்க அரிசி வாங்கக் கரைக்குப் போயிருந்தாங்க. என் மடியிலதான் உயிர் போச்சு. ஓட்டைக் கம்ப்யூட்டரை வித்துட்டியேடா, பாவி!"

"டாக்டர் மூச்சுத்திணறல்னு எழுதியிருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர். "உன்மேல கேஸ் போட்டா குறைஞ்சது ஏழு வருஷம். கம்ப்யூட்டர் நல்லதுதான்னு நிரூபிக்க உன்கிட்ட என்ன இருக்கு?"

"அவன்கிட்ட ஒண்ணும் இல்லை ஸயா" என்று பொன்னுத்துரை முந்திக்கொண்டு ரசீதை நீட்டினார். "மெமரி இல்லாத பெட்டி. அவனே எழுதிக் கொடுத்திருக்கான் பாருங்க!"

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். பவுனம்மாள். இராமையாவின் மனைவி. தாகேதாவிலிருந்து நடந்தே வந்தவள்போல் கால் முழுக்கப் புழுதி.

"இந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டா பயமில்லைன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். கத்தவில்லை. "நீ அதை நல்லதா கெட்டதான்னு ஒரு தடவையாவது பார்த்தியா அண்ணே?"

பர்னபாஸ் பார்க்கவில்லை. துடைத்தான், அவ்வளவுதான். நிஜமாகவே அந்தப் பெட்டி பழுதாக இருந்தால்? ஏழு வருஷத்தை விட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. சொன்னால் மானம் போகும், கடையும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க இப்படியே பார்ப்பாள்.

"ஸயா... அந்தக் கம்ப்யூட்டரை இப்படிக் குடுங்க."

"எதுக்கு?"

"மெமரி உள்ளேதான் இருக்கு."

பொன்னுத்துரையின் விம்மல் பாதியில் நின்றது!

"என்னது?!"

"லான்மடாவுல சும்மா விலையைக் குறைச்சா வாங்கறவனுக்குச் சந்தேகம் வந்துடும் ஸயா. 'ஏன் குறைக்கறான், என்ன ஓட்டை'ன்னு போயிடுவான். எதையாவது கழட்டினாத்தான் திருப்தியாக் காசை எடுப்பான். அதனால முதல்லயே ஏத்திச் சொல்லுவோம். அப்புறம் ஒண்ணைக் கழட்டுவோம்."

"கழட்டினியா?"

"பின்னறையில டீ குடிச்சேன். மெமரியைக் கழட்டறதுக்கு எனக்கு எங்கே தெரியும்? மூடியைத் திறந்தா மூடவே தெரியாது!"

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரை நீட்டினார். பர்னபாஸ் பட்டனை இரண்டு முறை அழுத்தினான்.

திரையில் எழுத்துக்கள் ஓடின.

"படி!"

"ஆறு நாளுக்கு முன்னால... பதினாலு மீட்டர்... முப்பத்தொரு நிமிஷம். வேகமா மேல வந்திருக்கான், கத்தியிருக்கு. பெட்டி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு ஸயா!"

"நேத்து?"

பர்னபாஸ் மறுபடி அழுத்தினான். மறுபடியும்.

"நேத்து... ஒண்ணுமே இல்லை ஸயா. இராமையா நேத்துத் தண்ணியில இறங்கவே இல்லை!"

பவுனம்மாள் 'ஐயோ!' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "உடுப்பெல்லாம் நனைஞ்சிருந்ததே?"

"ரெண்டு வாளித் தண்ணி போதும் ஸயா. அதை இது முங்கினதா எடுத்துக்காது."

"பொய்!" பொன்னுத்துரை துள்ளினார். "அது எப்படி ஞாபகம் வெச்சிருக்கும்? கழட்டினதுக்குத்தானே நாப்பதாயிரம் குறைச்சான்! ஞாபகம் இருக்கக் கூடாதுன்னுதானேடா அதைக் கழட்டச் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ரசீதை மடித்துப் பையில் வைத்தார்.

பவுனம்மாள் பொன்னுத்துரையின் முன்னால் வந்து நின்றாள். "முங்கின படகுங்களோட இன்ஜினை இவரு திருட்டுத்தனமா விக்கிறாருன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. படகுக்காரங்ககிட்டச் சொல்லிடப் போறேன்னும் சொன்னாரு. அதுக்காகவா... தண்ணியில இறங்காதவருக்கு மூச்சு எப்படித் திணறும்? தலையணையை வெச்சு அமுக்கினியா, துணியை வெச்சு அமுக்கினியா? சொல்லுடா!"

பொன்னுத்துரை தலை குனிந்தார். "தலையணை" என்றார், விலை படியாத ஆள் மாதிரி.

கைவிலங்கு பூட்டப்பட்டது. பவுனம்மாள் சுவரில் சாய்ந்து, அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அழுதாள். பர்னபாஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசல் பக்கம் நழுவினான்.

"யோவ், நில்லு!"

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் உன் கடையில நான் ஒரு ரேடியோ வாங்கினேன். வெளிநாட்டு நியூஸ் கேக்கறேன்னு மேலிடத்துல யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, ஷார்ட்வேவைக் கழட்டச் சொல்லித்தான் வாங்கினேன்... கழட்டினியா?"

பர்னபாஸ் சாத்திய கதவைப் பார்த்தான்.

"அன்னிக்கும் டீதான், ஸயா... பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கு, சத்தத்தை மட்டும் கம்மியா வெச்சுக் கேளுங்க!"